எம்.எஸ். நோய்க்கும் தலைவலிக்கும் தொடர்பு உண்டா?

"மாதத்தில் நாலைந்து தடவை தலைவலி வருகிறது, எம்.எஸ். ஆக இருக்குமோ?" என்று கேட்டிருக்கிறீர்கள். எம்.எஸ். என்றால் மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ்; உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய். எனக்கு அது இருக்கிறது என்று தெரிந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஒற்றைத் தலைவலியோ காலேஜ் நாளிலிருந்தே கூட வருகிறது. தலைவலியை மட்டும் வைத்து எந்த நரம்பியல் மருத்துவரும் எம்.எஸ். என்று முடிவு கட்ட மாட்டார்.

தொடர்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. எம்.எஸ். உள்ளவர்களில் நிறையப் பேருக்கு ஒற்றைத் தலைவலியும் இருக்கிறது. இரண்டுமே இளவயதுப் பெண்களைத்தான் அதிகம் பிடிக்கின்றன. ஆனால் ஒற்றைத் தலைவலிக்காரர்களின் எம்.ஆர்.ஐ. ஸ்கேனிலும் வெள்ளைப் புள்ளிகள் தெரிவதுண்டு. அதை எம்.எஸ். என்று தவறாக எடுத்துக்கொண்டு, தேவையில்லாத மருந்தைச் சாப்பிட்டவர்களும் இருக்கிறார்கள். அதனால் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு நீங்களே கூகுளில் தேட உட்காராதீர்கள்.

நான் ஏமாந்தது கண்ணில்தான். வலப்பக்கம் கண்ணுக்குப் பின்னால் வலி. வழக்கமான தலைவலி என்று மாத்திரை போட்டுக்கொண்டு நாலு நாள் ஓட்டினேன். பக்கவாட்டில் பார்த்தால் மட்டும் சுருக்கென்று இழுத்தது. ஐந்தாம் நாள் கண்ணாடி முன் நின்று பொட்டு வைக்கும்போது தற்செயலாக இடக்கண்ணை மூடினேன். சிவப்புக் குங்குமம் வெளுத்துப்போன செங்கல் நிறத்தில் தெரிந்தது. மருத்துவரும் ஒரு சிவப்பு மூடியைக் காட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொன்னார். பார்வை நரம்பில் அழற்சி. எம்.எஸ். பலருக்கு இப்படித்தான் தலைகாட்டுமாம்.

அப்புறம், மருந்தாலும் தலை வலிக்கும். எம்.எஸ்.ஸைக் கட்டுப்படுத்தத் தரும் இன்டர்ஃபெரான் ஊசி போட்ட இரவுகளில் காய்ச்சல் வந்தது போல உடம்பும் தலையும் சேர்ந்து வலிக்கும். ராத்திரியில் போட்டுக்கொண்டு தூங்கிவிடுவேன். வலி மாத்திரையைக் கணக்கில்லாமல் விழுங்குவதும் ஆபத்து. மாதத்தில் பதினைந்து நாள் பாராசிட்டமால் என்று போனால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும்.

உங்களுக்கு வெறும் தலைவலிதான் என்றால் அதற்குப் பொது மருத்துவரே போதும். கண்ணைத் திருப்பினால் வலி, நிறம் வெளுப்பு, கை கால் மரத்துப் பல நாள் அப்படியே இருப்பது, இதில் ஒன்று சேர்ந்தாலும் என்னைப் போல நாலு நாள் காத்திருக்க வேண்டாம்.

எனக்கு ஸ்டீராய்டு ஏற்றி, சில வாரங்களில் பார்வை திரும்பிவிட்டது. ஆனாலும் ஜவுளிக்கடையில் சிவப்புப் புடவை எடுக்கும்போது மட்டும் இன்றைக்கும் இடக்கண்ணைத்தான் நம்புகிறேன்.