மாவு பாக்கெட்டும் மளிகைக் கணக்கும்

(ஈரோட்டில் நெடுங்காலம் மளிகைக்கடை நடத்திய 'கடைக்கார அம்மா' வாசகர்களின் வீட்டுச் செலவுக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி. இந்த முறை, பாக்கெட் உணவுகள் பற்றி வந்த கடிதங்கள்.)

நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். இரண்டு பிள்ளைகள். மளிகை மட்டும் மாதம் 11,000 ரூபாயைத் தாண்டுகிறது. பில்லை இணைத்திருக்கிறேன். இட்லி மாவு, உப்புமா மிக்ஸ், புளிக்காய்ச்சல், சூப் பொடி, பாதி வெந்த சப்பாத்தி என்று நேரமில்லாமல் வாங்குவதுதான் அதிகம். எதை நிறுத்துவது அம்மா?
- வாசகி, ஆவடி

பில்லை வரி வரியாகப் பார்த்தேன். அரிசி, எண்ணெய், சர்க்கரையில் நீங்கள் ஏமாறவில்லை. அதில் யாரும் ஏமாற மாட்டார்கள். அந்த விலையெல்லாம் எல்லாருக்கும் மனப்பாடம். கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடினால் அடுத்த கடைக்குப் போய்விடுவீர்கள் என்று கடைக்காரருக்குத் தெரியும். அதனால் அரிசி, சர்க்கரையில் கடைக்கு நிற்பது சொற்பம். ஆனால் புளிக்காய்ச்சல் பாட்டில் போன மாதம் என்ன விலை என்று கேளுங்கள், ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது. எங்கள் கடைக்கு லாபம் அங்கிருந்துதான் வந்தது. அதையெல்லாம் கண் உயரத்துத் தட்டில் அடுக்கினோம், அரிசி மூட்டையைக் கீழே போட்டோம். யாரும் சொல்லித்தந்ததில்லை, எல்லாக் கடையிலும் அப்படித்தான்.

முதலில் மாவைப் பார்ப்போம். வாரம் மூன்று பாக்கெட் வாங்குகிறீர்கள், கிலோ 60 ரூபாய். இங்கே இட்லி அரிசி கிலோ 50 ரூபாய்க்குக் கிடைக்கிறது. முழு உளுந்து கிலோ 140 என்றால் கால் கிலோ 35. வெந்தயம், உப்பு, கரண்ட் எல்லாம் சேர்த்தாலும் மொத்தம் 90 ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஒரு கிலோ அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போட்டு அரைத்தால் மூன்று கிலோவுக்குக் குறையாமல் மாவு வரும். பாக்கெட்டாக வாங்கினால் இதே மாவு 180 ரூபாய். மாதத்துக்கு நானூறு ரூபாய்க்குப் பக்கம் இதிலேயே மிச்சம். கிரைண்டருக்குக் கரண்ட் ஆகாதா என்பார்கள். சின்ன டேபிள்டாப் கிரைண்டர் 150 வாட்தான். முக்கால் மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் வரும்.

உப்புமா மிக்ஸை இன்றே விட்டுவிடுங்கள். பாக்கெட்டின் பின்பக்கம் சேர்மானப் பட்டியல் இருக்கும். எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் போட வேண்டும் என்பது சட்டம். உப்புமா மிக்ஸில் முதல் பெயர் ரவை. கூடவே கடுகு, காய்ந்த மிளகாய், கொஞ்சம் பருப்பு. இதெல்லாம் உங்கள் அஞ்சறைப்பெட்டியில் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு கிலோ ரவையை நெய்யில் வறுத்து, தாளித்த கடுகு, உளுந்தம்பருப்பு, கறிவேப்பிலை சேர்த்து ஆறவைத்து டப்பாவில் போட்டுக்கொண்டால் அதுவும் மிக்ஸ்தான். காலையில் வெந்நீர் கொதித்தால் போதும். சூப் பொடிக்கும் பட்டியலைப் படியுங்கள். பல பாக்கெட்டில் சோளமாவும் சர்க்கரையும் உப்பும் முன்வரிசையில் நிற்கும், காய்கறி எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

சப்பாத்தியை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஏழு மணிக்கு ஆபீஸிலிருந்து வந்து நாலு பேருக்கு மாவு பிசைந்து தேய்ப்பது லேசான வேலை இல்லை. அது இல்லாத அன்றைக்கு ஓட்டலில் வாங்குவீர்கள், அது இன்னும் செலவு.

வீட்டில் அரைத்தால் மாவு மூன்றாம் நாளே புளித்துவிடுகிறது. கொட்டுவதற்குப் பாக்கெட்டே மேல் என்று தோன்றுகிறது.
- வாசகி, நாமக்கல்

புளிக்கவைத்த மாவை அப்படியே ஃப்ரிட்ஜில் வைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அரைத்த கையோடு மாவை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதிக்கு உப்புப் போட்டுக் கையால் நன்றாகக் கரைத்து வெளியில் வையுங்கள், அது காலை இட்லிக்கு. இன்னொரு பாதிக்கு உப்பே போடாமல், புளிக்கவிடாமல், மூடி நேராக ஃப்ரிட்ஜின் உள்பக்கம் தள்ளி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை அரைத்தால் புதன்கிழமை சாயங்காலமே அதை எடுத்து, உப்புப் போட்டு, குளிர் விட்டதும் இரவெல்லாம் வெளியில் விடுங்கள். வியாழக்கிழமை புது மாவு மாதிரியே இருக்கும். பாக்கெட் மாவு உங்கள் கைக்கு வரும்போது எத்தனை நாள் ஆனது என்பதற்கு அதன் தேதியைத்தான் நம்ப வேண்டும்.

உளுந்தை முதலில் அரையுங்கள். தண்ணீரை மொத்தமாக ஊற்றாமல் கையில் எடுத்துத் தெளித்துத் தெளித்து விட வேண்டும். கோடையில் ஐஸ் தண்ணீர்தான், இல்லாவிட்டால் கல் சூட்டிலேயே மாவு புளிக்கத் தொடங்கிவிடும். ஒரு சொட்டு எடுத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும், அதுவரை விடாதீர்கள். எவ்வளவு அரைத்தும் பொங்கவில்லை என்றால் உங்கள் மேல் குற்றமில்லை, உளுந்து பழசு. பழைய உளுந்தைக் கையில் எடுத்தால் வெள்ளை மங்கி லேசாக மஞ்சள் தட்டும். கடைக்காரரிடம் புது உளுந்து வந்தாச்சா என்று கேட்டே வாங்குங்கள். கேட்கிறவர்களுக்குத்தான் புது மூட்டையைப் பிரிப்போம்.

அரையுங்கள், வறுங்கள், இடியுங்கள் என்று மாதாமாதம் எழுதுகிறீர்களே, எங்கள் நேரத்துக்கு நீங்கள் விலை போட்டதுண்டா? இதையெல்லாம் செய்யப்போவது வீட்டில் இருக்கும் பெண்தானே?
- வாசகி, சென்னை

நியாயமான கோபம். விலை போடத்தான் வேண்டும். நான் போடும் விதம் இது: பாக்கெட்டுக்கும் பொருளுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை எழுதுங்கள். பக்கத்தில், அந்த வேலைக்கு உங்கள் வீட்டில் எவ்வளவு நேரம் ஆகும் என்று எழுதுங்கள். மாவு அரைக்க ஊறப்போடுவது, கழுவுவது, கிரைண்டர் துலக்குவது எல்லாம் சேர்த்தால் கை படும் நேரம் அரைமணிக்கு மேல் போகும். மிச்ச நேரம் கிரைண்டர் பாட்டுக்கு ஓடும். அதற்குத் தொண்ணூறு ரூபாய் மிச்சம். எனக்கு அது கட்டுப்படியாகும், உங்களுக்கு ஆகாது என்றால் பாக்கெட்டை வாங்குங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம். நானே வாங்குவது நிறைய உண்டு. அப்பளத்தை வீட்டில் இட்டுக் காட்டுகிறேன் என்று யாராவது கிளம்பினால் தடுத்து நிறுத்துவேன். இடியாப்பம் சாயங்காலம் சைக்கிளில் வருபவரிடம்தான். சூடாக, கண் முன்னால் எண்ணித் தருகிறார், என் கை வலியும் மிச்சம்.

ஆனால் உரித்த பூண்டுக்கும் நறுக்கிய பீன்ஸுக்கும் அந்தக் கணக்கு இல்லை. அதில் விலை நிறையக் கூடுது, பொருளும் சீக்கிரம் கெடுது. நறுக்கிய காய் இரண்டாம் நாளே நீர் விட்டுக்கொள்ளும். பூண்டு உரிப்பதெல்லாம் டி.வி. பார்த்துக்கொண்டே செய்யக்கூடிய வேலை. பல்லைப் பிரித்துப் பத்து நிமிஷம் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால் தோல் தானாகக் கழன்று வரும், கிரிக்கெட் பார்க்கிறவர் முன்னால் அந்தக் கிண்ணத்தை வைத்துவிடுங்கள். நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்கு என் பதில் அவ்வளவுதான்.

புதிதாகக் குடித்தனம் போட்டிருக்கிறோம். இரண்டே பேர். சாம்பார் பொடி பாக்கெட் வாங்குவதா, மில்லில் அரைப்பதா?
- வாசகி, ஓசூர்

மில்லில்தான் கண்ணு. ஆனால் மாமியார் வீட்டு அளவில் வேண்டாம், மூன்று மாதத்துக்கு மேல் வாசம் நிற்காது. தனியா அரை கிலோ, காய்ந்த மிளகாய் கால் கிலோ, துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் 50 கிராம் வீதம், மிளகும் சீரகமும் 25 கிராம் வீதம், வெந்தயம் ஒரு மேசைக்கரண்டி, விரலி மஞ்சள் 50 கிராம். மஞ்சளை மட்டும் பொடியாக வாங்காதீர்கள். எங்கள் ஊர்ப் பெருமைக்காகச் சொல்லவில்லை (ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு 2019-ல் கிடைத்தது, அந்தப் பெருமையும் உண்டுதான்). விரலியை உடைத்துப் பார்த்தால் உள்ளே நிறம் தெரியும், பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. மஞ்சளை மில்லுக்குப் போகும் முன் அம்மியிலோ உலக்கையாலோ சின்னச் சின்னதாகத் தட்டிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் ஒருநாள் நல்ல வெயிலில் காயவையுங்கள். ஓசூரில் வெயில் இல்லையென்றால் வாணலியில் தனித்தனியாகச் சூடு காட்டுங்கள், மிளகாயைக் கடைசியில். மில்லில் வரிசையைப் பாருங்கள். உங்களுக்கு முன்னால் மிளகாய்த்தூளோ மல்லித்தூளோ அரைக்கிறவர் இருந்தால் நல்லது. கேழ்வரகு அரைத்த கல்லில் முதல் ஆளாகப் போனால் உங்கள் சாம்பார் பொடியில் பாதி கேழ்வரகு வாசம் வரும். அரைத்து வந்த பொடி சுடும். அதை அப்படியே டப்பாவில் அடைத்தால் உள்ளே வியர்த்துக் கட்டி தட்டிவிடும். பேப்பரில் பரப்பி முழுக்க ஆறவிட்டு, அப்புறம் போடுங்கள்.

ரேஷன் புழுங்கல் அரிசியில் இட்லி வருமா? வீட்டில் கேலி செய்கிறார்கள்.
- வாசகர், தஞ்சாவூர்

வரும். தமிழ்நாட்டில் பாதி வீட்டில் அதில்தான் இட்லி, வெளியில் சொல்வதில்லை. இலவசமாகக் கிடைக்கும் அரிசியை ஏன் விட வேண்டும்? முதலில் பாதிக்குப் பாதி இட்லி அரிசியோடு கலந்து பாருங்கள். தண்ணீர் தெளியும் வரை நாலைந்து முறை கழுவுவது முக்கியம், வாடை போக வேண்டும். ஒரு கைப்பிடி அவல் ஊறவைத்துச் சேர்த்தால் மெத்தென்று இருக்கும். கேலி செய்கிறவர்களிடம் முதல் ஈடு சாப்பிட்ட பிறகு சொல்லுங்கள், முன்னால் சொல்லாதீர்கள்.

அதே ரேஷன் கடையில் கிலோ 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பும் லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயிலும் இருக்கிறது. கடையில் துவரம்பருப்பு நூறைத் தாண்டி விற்கிறது. பருப்பை வாங்காமல் விட்டுவிட்டு மற்ற செலவைக் குறைக்க வழி கேட்டு எழுதுகிறவர்களை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

பத்து ரூபாய் பாக்கெட் நல்லதா, பெரிய பாக்கெட் நல்லதா?
- வாசகி, திருப்பூர்

பெரியதுதான் எப்போதும் மலிவு என்று நம்பிவிடாதீர்கள். டீத்தூள், ஷாம்பு, காபித்தூளில் சின்னப் பாக்கெட் மலிவாக இருப்பதும் உண்டு. பத்து ரூபாய் என்ற விலை மாறாமல் உள்ளே கிராம் மட்டும் குறைவதும் உண்டு. பாக்கெட்டில் கிராமுக்கு இத்தனை பைசா என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். எம்.ஆர்.பி.யை விட்டுவிட்டு அதை ஒப்பிடுங்கள். காபித்தூளில் இன்னொன்றும் பாருங்கள், சிக்கரி எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும். 49 சதவீதம் வரை சேர்க்கச் சட்டமே இடம் தருகிறது. கிலோ விலை குறைவாக இருந்தால் காரணம் அநேகமாக அதுதான்.

பத்து நிமிஷத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ஆப்பில் வாங்குவதால்தான் செலவு கூடுகிறது என்கிறார் மனைவி. உண்மையா?
- வாசகர், வேளச்சேரி

உண்மை தம்பி. கறிவேப்பிலைக்குத் திறந்தால் டெலிவரி கட்டணத்தைத் தவிர்க்க இன்னும் நூறு ரூபாய்க்கு எதையாவது சேர்க்கச் சொல்லும். நீங்கள் சிப்ஸ் சேர்ப்பீர்கள். காய்கறிக்காரர் அந்தக் கறிவேப்பிலையைச் சும்மாவே கொசுறாகப் போட்டிருப்பார்.

வீட்டில் அரைத்த இஞ்சி பூண்டு விழுது ஃப்ரிட்ஜில் பச்சையாக மாறிவிட்டது. கடை பாட்டில் மாறுவதில்லையே. கெட்டுவிட்டதா?
- வாசகி, மதுரை

கெடவில்லை. பூண்டில் உள்ள சத்துகள் அரைபடும்போது ஒன்றோடொன்று சேர்ந்து சில நேரம் பச்சையோ நீலமோ ஆகும். புதுப் பூண்டில், குளிரில் இருந்த பூண்டில் இது அதிகம். சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. கடை பாட்டிலின் பட்டியலைப் படித்தால் தண்ணீர், உப்பு, அமிலம் எல்லாம் வரும். அந்தத் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள். வீட்டில் தண்ணீர் விடாமல், உப்பும் ஒரு கரண்டி எண்ணெயும் விட்டு அரைத்து, ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மிச்சத்தை ஐஸ் தட்டில் ஊற்றி ஃப்ரீஸரில் வைத்தால் ஒரு குழம்புக்கு ஒரு கட்டி. வெளியில் மட்டும் வைக்காதீர்கள், எண்ணெயில் ஊறிய பூண்டு வெளியில் இருப்பது ஆபத்து. பூசணம் பிடித்தாலோ வாடை மாறினாலோ கொட்டிவிடுங்கள், பச்சை நிறத்துக்காகக் கொட்ட வேண்டாம்.