பாட்டியின் அம்மன் காசும் உங்கள் 1935-உம்

கேள்வி: தாத்தாவின் பழைய பிஸ்கட் டின்னில் ஆறு பெரிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. நான்கில் ஒரு பெண் சூலத்தோடு நிற்கிறாள், மறுபக்கம் சீன எழுத்து. ஆண்டுகள் 1908, 1911, 1912, 1935. ஒன்றில் மீசை வைத்த மொட்டைத் தலை மனிதர். இன்னொன்றில் பாம்பைக் கவ்விய கழுகு. தாத்தா மலாயா தோட்டத்தில் சம்பளமாக வாங்கியவை என்று அப்பா சொல்கிறார். இவை உண்மையானவையா? என்ன விலை போகும்?

பதில்:

முதலில் ஒரு வேண்டுகோள். இதைப் படித்து முடிக்கும் வரை அந்தக் காசுகளைக் கழுவாதீர்கள். விபூதி, பல்பொடி, புளி எதுவும் வேண்டாம், மெல்லிய துணிகூட வேண்டாம். விளிம்பைப் பிடித்து எடுத்து விளிம்பைப் பிடித்தே வையுங்கள்.

ஏன் இப்படிப் பதறுகிறேன் என்றால், எங்கள் வீட்டிலும் ஒரு சூலக்காரி இருந்தாள். 1902-ஆம் ஆண்டுக் காசு. பாட்டிக்கு அது அம்மன் காசு. கையில் சூலம், தலையில் கிரீடம் மாதிரி ஒன்று, பக்கத்தில் கேடயம். வேறு யாராக இருக்க முடியும்? சாமி மேடையில் வைத்து வெள்ளிதோறும் குங்குமம் வைப்பார். அவர் போனபின் காசு என் கைக்கு வந்தது. கறுத்து, எழுத்தின் இடுக்கெல்லாம் சிவப்பாக இருந்தது. நான் புத்திசாலி ஆயிற்றே, பல்பொடி போட்டு ஒரு மணி நேரம் தேய்த்துக் கண்ணாடி போல ஆக்கிவிட்டேன். பினாங்கில் காசு விற்கும் ஒரு சீனப் பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். விளக்கடியில் ஒரு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு, "கழுவிவிட்டாயா?" என்று மட்டும் மலாயில் கேட்டார். அப்புறம் அவர் சொன்ன விலை, உருக்கினால் தேறும் வெள்ளியின் விலையை விடக் கொஞ்சம்தான் கூட. நூறு ஆண்டில் படிந்த கருமைதான் அந்தக் காசின் தோல். அதை நான் உரித்துவிட்டேன். கீறல்களை மறுபடி மூட எந்த மருந்தும் கிடையாது.

சரி, உங்கள் காசுகளுக்கு வருவோம்.

சூலக்காரி அம்மன் இல்லை, பிரிட்டானியா, அதாவது பிரிட்டனையே ஒரு பெண்ணாக உருவகித்த வடிவம். இந்தக் காசுக்குப் பிரிட்டிஷ் வர்த்தக டாலர் என்று பெயர். 1895 முதல் 1935 வரை, நடுநடுவே இடைவெளி விட்டு அடித்தார்கள். அதற்கு முன் ஹாங்காங்கிலும் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூரிலும் பெரும்பாலும் ஓடியது மெக்சிகோ டாலர்தான், அதாவது உங்கள் கழுகு. அது போதிய அளவு வராமல் வணிகம் திணறியது. 1893-இல் இந்தியா, யார் வெள்ளி கொண்டுவந்தாலும் ரூபாயாக அடித்துக் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்தியது. பம்பாய் நாணயச்சாலை எந்திரங்களுக்கு வேலை குறைந்தது. அந்த எந்திரங்களில்தான் இந்த டாலரில் பெரும்பங்கு அடிக்கப்பட்டது. கொஞ்சம் கல்கத்தாவிலும் லண்டனிலும். இந்தியாவில் அடித்தது, இந்தியாவில் செல்லாதது! மறுபக்கம் நடுவில் இருக்கும் வட்டமான சின்னம், நீண்ட ஆயுளைக் குறிக்கும் சீன எழுத்து. அதைச் சுற்றிச் சீனத்திலும் ஜாவி என்ற அரபு வடிவ எழுத்தில் மலாயிலும் ஒரு டாலர் என்று இருக்கும். மலாயில் "சத்து ரிங்கிட்". ரிங்கிட் என்றால் பல் பல்லாக இருப்பது, பழைய ஸ்பானிய டாலரின் விளிம்பை வைத்து வந்த பெயர். நம் ஆட்கள் இங்கே மலேசியா, சிங்கப்பூர்ப் பக்கம் இன்றும் டாலரை, ரிங்கிட்டை "வெள்ளி" என்றுதான் சொல்கிறோம். அந்தச் சொல்லை நீங்கள் இப்போது கையில் பிடித்திருக்கிறீர்கள்.

இந்த இடத்தில் உங்கள் அப்பா சொன்ன கதையை மெதுவாக ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கிறது. 1903-இல் ஸ்ட்ரெய்ட்ஸ் டாலர் என்று மலாயாப் பகுதிக்குத் தனிக் காசு வந்தது. 1904-இல் மெக்சிகோ டாலரும் இந்த வர்த்தக டாலரும் அங்கே செல்லாதவை ஆயின. உங்கள் நான்கு காசுகளும் அதற்குப் பிறகு அடித்தவை. அவை சீனா, ஹாங்காங் பக்கம் ஓடிய காசுகள். தாத்தா யாரிடமாவது வெள்ளியாக வாங்கி வைத்திருக்கலாம், அடகுக்குப் பதிலாக வந்திருக்கலாம். சம்பளமாக வந்திருக்காது. தாத்தாவைக் குறை சொல்லவில்லை. பழைய காசு என்றாலே கூடவே ஒரு கதை வரும், நாம் காசைப் பார்ப்பதற்குள் கதையை வாங்கிவிடுவோம். நானும் வாங்கியிருக்கிறேன். ஒரு ஞாயிற்றுச் சந்தையில், "பழைய கடைவீடு இடித்தபோது சுவருக்குள் இருந்தது" என்றார் விற்றவர். மண்ணும் ஒட்டியிருந்தது. 200 வெள்ளி கொடுத்தேன். வீட்டுக்கு வந்து தராசில் வைத்தால் 23.4 கிராம்.

ஆகவே தராசு. நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போல 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு இணையத்தில் மலிவாகக் கிடைக்கும். பிரிட்டிஷ் வர்த்தக டாலர் அடிக்கும்போது 26.95 கிராம், குறுக்களவு 39 மில்லிமீட்டர், ஆயிரத்தில் 900 பங்கு வெள்ளி, மீதி செம்பு. கைமாறித் தேய்ந்தது 26.6, 26.7 இருக்கலாம். தேயாமல் பளிச்சென்று இருந்துகொண்டு 25 காட்டினால் போலிதான், சந்தேகமே வேண்டாம்.

எடை சரியாக இருந்தாலும் விடாதீர்கள், இப்போது எடையைச் சரிக்கட்டிய போலிகளும் வருகின்றன. அடுத்தது தண்ணீர்ச் சோதனை. ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, அளவைச் சுழியமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீரில் முழுதாகத் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுங்கள். 26.95 கிராம் காசு நல்ல வெள்ளியானால் தராசு 2.6 கிட்டத்தில் காட்டும், வகுத்தால் 10.3 வரும். என் சுவர்க்கதைக் காசு 2.7 காட்டியது. 23.4-ஐ 2.7-ஆல் வகுத்தால் 8.7. பித்தளையோ செம்புக் கலவையோ, மேலே வெள்ளி முலாம். மாற்று பார்க்க உரைகல்லில் தேய்க்கத் தேவையே இல்லை. தேய்த்தால் காசு கெடும், முலாம் பூசிய போலி உரைகல்லில் தப்பியும் விடும். நகைக்கடையில் எக்ஸ்-கதிரால் மாற்று பார்க்கும் துப்பாக்கி போன்ற கருவியும் மேற்பரப்பைத்தான் படிக்கிறது. சோதனை முடிந்ததும் காசைத் துடைக்காதீர்கள், பஞ்சில் ஒற்றி எடுங்கள். காந்தத்தைப் பற்றிப் பலர் கேட்பார்கள். ஒட்டினால் போலி, அவ்வளவுதான். செம்பும் பித்தளையும்கூட ஒட்டாது.

இனி உங்கள் 1935. என்னை நாற்காலியில் நிமிர வைத்தது அதுதான். 1908, 1911, 1912 மூன்றும் தாராளமாகக் கிடைக்கும் ஆண்டுகள். 1935 அப்படி இல்லை. அந்த ஆண்டு பம்பாயில் லட்சக்கணக்கில் அடித்தார்கள். ஆனால் 1934-இல் அமெரிக்கா வெள்ளியை வாங்கிக் குவிக்கத் தொடங்கி உலக விலை ஏறியது, சீனாவின் வெள்ளி வெளியே ஓடியது. 1935 நவம்பரில் சீனா வெள்ளி நாணயத்தைக் கைவிட்டது. ஹாங்காங்கும் அதே கையோடு விட்டுவிட்டது. அடித்த காசு போக இடமில்லாமல் அநேகமாக முழுவதும் உருகிப்போனது. தப்பியவை மிகச் சில. எனவே 1935 என்று எழுதிய காசு ஒரு பிஸ்கட் டின்னில் கிடக்கிறது என்றால், அது போலியாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். ஆனாலும் பார்க்காமல் ஒதுக்காதீர்கள்.

பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி ஒன்று வாங்கி, சூலத்தின் நடு முனையைப் பாருங்கள். பம்பாயில் அடித்ததென்றால் அங்கே குழிவாகச் சின்னஞ்சிறு ஆங்கில 'பி' (B) எழுத்து இருக்கும். என் பாட்டியின் காசில் அதைக் குங்குமம் மூடியிருந்தது. பல்பொடியால் நான் கண்ட ஒரே நன்மை அந்த எழுத்துதான். லண்டன் காசில் குறி எதுவும் இருக்காது. 1930-இல் லண்டனும் அடித்தது, 1935-இல் பம்பாய் மட்டுமே. ஆக, 1935 என்று இருந்து சூலத்தில் 'பி' இல்லையென்றால், யாரோ 1930-இன் சுழியத்தைச் செதுக்கி ஐந்தாக்கி இருக்கிறார்கள், அல்லது முழுக் காசுமே வார்ப்பு. 'பி' இருந்தாலும் கடைசி இலக்கத்தைச் சுற்றித் தளம் சொரசொரப்பாக இருக்கிறதா, மற்ற மூன்று இலக்கங்களின் உயரத்தில் அதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு விளிம்பைச் சுற்றி ஒரு முழு வட்டம் பாருங்கள். அச்சில் அடித்த காசில் வரிகள் சீராக ஓடும். உருக்கி வார்த்த காசில் நடுவே பொருத்துக் கோடோ அரம் போட்டுத் தேய்த்த தடமோ எங்காவது இருக்கும். தளத்தில் ஊசிக்குத்துப் போல நுண்ணிய குழிகளும் தெரியும். பதக்கமாகப் போட்ட காசென்றால் மேல் விளிம்பில் கொக்கி பற்றவைத்த இடம் தெரியும். அது உண்மைக் காசுதான், விலைதான் விழுந்துவிடும்.

மீசைக்காரர் யுவான் ஷிகாய், சீனக் குடியரசின் தலைவராக இருந்து சில மாதங்கள் தன்னைப் பேரரசராகவும் அறிவித்துக்கொண்டவர். சீனர்கள் இந்தக் காசைப் "பெரிய தலை" என்பார்கள். உலகத்தில் இந்த அளவுக்குப் போலி வந்த பெரிய வெள்ளிக் காசு குறைவு, என்னிடமே ஐந்து போலிகள் இருக்கின்றன. ஆண்டு மேற்கத்திய எண்ணில் இருக்காது. தலைக்கு மேலே சீன எழுத்துகளைக் கூட்டுங்கள். ஆறு இருந்தால் குடியரசின் 3-ஆம் ஆண்டு, அதாவது 1914. 8, 9, 10-ஆம் ஆண்டுக் காசுகளில், அதாவது 1919 முதல் 1921 வரை, "செய்தது" என்ற எழுத்தும் சேர்ந்து ஏழு. 3-ஆம் ஆண்டென்று ஏழு எழுத்து இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். யுவான் 1916-இலேயே இறந்துவிட்டார், ஏழு எழுத்துக் காசுகள் எல்லாம் அவர் போனபின் அடித்தவை. தண்ணீர்ச் சோதனையில் இதுவும் 10.3-ஐ ஒட்டி வர வேண்டும். சீனாவில் அந்தக் காலத்தில் காசின் நடுவை இரண்டு நகங்களுக்கு இடையே பிடித்து, விளிம்பில் ஊதி, காதில் வைத்துக் கேட்பார்களாம். நானும் ஊதிப் பார்த்தேன். ஒரு ரீங்காரம் கேட்கிறது, ஆனால் அதை வைத்து முடிவு சொல்லும் காது எனக்கு வாய்க்கவில்லை.

கழுகு மெக்சிகோ. அதன் மேல் ஆணி அடித்தது போல ஆங்காங்கே குத்து, சின்னச் சீன எழுத்து ஏதாவது இருக்கிறதா? இருந்தால் பழுது என்று நினைத்துவிடாதீர்கள். சீனத் துறைமுகங்களில் காசை வாங்கிய கடைக்காரரும் வட்டிக்கடைக்காரரும், "நான் பார்த்தேன், நல்ல வெள்ளி" என்று தங்கள் முத்திரையைக் குத்தி அனுப்புவார்கள். இப்படிக் காசு பார்த்தவர்களை அங்கிருந்த ஆங்கிலேயர்கள் ஷ்ராஃப் என்றார்கள். நம் ஊர் சராப்பு அதே சொல்தான். ஹாங்காங்கில் வண்டி நிறுத்துமிடத்தில் காசு கட்டும் சன்னலுக்கு இன்றும் அந்தப் பெயர் எழுதியிருக்கும். ஒரு காலத்தில் குத்து விழுந்த காசைச் சேகரிப்போர் ஒதுக்கினார்கள். இப்போது அதையே தேடி வாங்கும் கூட்டம் இருக்கிறது. எனக்கும் அதுதான் பிடிக்கும். பளபளக்கும் காசு எங்கேயும் போகாமல் பெட்டியில் இருந்தது, குத்து வாங்கிய காசு ஊர் சுற்றியது.

விலை. கீழ்வரம்பு எளிது. ஒரு வர்த்தக டாலரில் சுத்த வெள்ளி 24.25 கிராம், அன்றைய வெள்ளி விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். அடகுக்கடையில் அதற்கும் குறைவாகவே தருவார்கள், அங்கே போகவே வேண்டாம். 1908, 1911, 1912 மூன்றும் கழுவாமல், விவரங்கள் ஓரளவு தெரிய இருந்தால் காசுக் கடையில் அதைவிட நன்றாகவே கிடைக்கும். பிரிட்டானியாவின் உருவம், கேடயக் கோடுகள் இவை எவ்வளவு கூர்மையோ அவ்வளவு விலை. விற்பவர் போட்டிருக்கும் விலையை நம்பாதீர்கள், ஏலத்தில் உண்மையில் விற்று முடிந்த விலைகளைத் தேடுங்கள். பிசிஜிஎஸ், என்ஜிசி என்ற இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் காசைச் சோதித்துத் தரம் எழுதிப் பெட்டியில் அடைத்துத் தருகின்றன. தேய்ந்த சாதாரண ஆண்டுக் காசுக்கு அந்தச் செலவு கட்டாது. அந்தப் பெட்டியிலேயே போலி வருகிறது, வாங்கும்போது மேலே இருக்கும் எண்ணை அவர்கள் தளத்தில் போட்டுப் படத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

1935 மட்டும் வேறு கணக்கு. எடையும் தண்ணீரும் சூலமும் மூன்றுமே ஒத்து வந்தால், யாருக்கும் விற்காமல், கடைக்காரர் எவர் கையிலும் ஒரு இரவுகூட விட்டு வைக்காமல், நேராகச் சோதனைக்கு அனுப்புங்கள். அதற்கு முன் அந்தக் காசின் இருபக்கமும், விளிம்பும், சூலத்தின் முனை மட்டும் கிட்டத்திலும் படம் எடுத்து, தராசு காட்டிய இரண்டு எண்களோடு இங்கே கீழே போடுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.