திராட்சையின் துளிர்ப்பருவம்: வாசகர் கேள்வி பதில்

மொட்டு வீங்கத் தொடங்குவது முதல் பூக்கும் வரையிலான சில வாரங்களைப் பற்றியே இம்முறை மிகுதியான கேள்விகள் வந்துள்ளன. அந்த அக்கறை நியாயமானது. அறுவடையில் நாம் காணும் பல இழப்புகளுக்கு, துளிர் சாண் அளவுகூட வளராத நாட்களிலேயே அடித்தளம் விழுந்துவிடுகிறது.

கேள்வி: கவாத்து முடிந்து மொட்டுகள் வீங்கியிருக்கின்றன. சில கொடிகளில் மொட்டின் உச்சியில் துளை விழுந்து, உள்ளே ஒன்றுமில்லாமல் இருக்கிறது. வேறு சில மொட்டுகள் பாதி கடித்துக் குதறப்பட்டுள்ளன. பகலில் எவ்வளவு தேடியும் பூச்சி எதுவும் கண்ணில் படவில்லை. என்ன செய்வது?

நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால், இரண்டு பூச்சிகள் சேர்ந்து வேலை செய்வதாகவே தோன்றுகிறது. மொட்டைத் துளைத்து உட்புறத்தைக் குடைந்து தின்பது உண்ணி வண்டு. அளவில் மிகச் சிறியதான இவ்வண்டு, கை பட்டதும், சில நேரம் நிழல் பட்டதும்கூட, பட்டென்று கீழே விழுந்துவிடும் என்பதால்தான் தேடுகிறவர் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. கொடியின் கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்துக் கிளையைத் தட்டினால், விழுந்த வண்டுகளை எண்ணிவிடலாம். ஓரங்களைக் குதறித் தின்பது வெட்டுப்புழு. அது பகல் முழுவதும் அடிமரத்தைச் சுற்றியுள்ள மண்ணிலோ சருகுக்கு அடியிலோ சுருண்டு கிடந்துவிட்டு, இருட்டிய பின்தான் மேலே ஏறும். இரவு ஒன்பது மணிக்கு மேல் டார்ச் விளக்கோடு ஒரு சுற்று நடந்து பாருங்கள். பகலில் காணாத புழுக்களை மொட்டின் மேலேயே பார்ப்பீர்கள்.

ஒரு கணுவிலுள்ள மொட்டுக்குள் முதன்மைக் குருத்து ஒன்றும், அதற்குத் துணையாகப் பின்னிற்கும் குருத்துகளும் இருக்கின்றன. முதன்மைக் குருத்து அழிந்தால் துணைக் குருத்து துளிர்க்கும். ஆனால் அதில் பூங்கொத்து குறைவாகவே வரும், சில இரகங்களில் வராமலும் போகும். ஆகவே தின்னப்பட்ட ஒவ்வொரு மொட்டும் நேரடி மகசூல் இழப்புதான். எனினும் பத்து மொட்டு போனதற்காகத் தோட்டம் முழுவதும் பூச்சிக்கொல்லி தெளிப்பதை நான் ஏற்பதில்லை. 100 மொட்டுகளை எண்ணி, அவற்றில் நான்குக்கு மேல் சேதம் இருந்தால் மட்டுமே நடவடிக்கை எடுப்பது வட அமெரிக்கத் தோட்டங்களில் உண்ணி வண்டுக்குப் பின்பற்றப்படும் அளவு; அதை நாமும் ஒரு வழிகாட்டியாகக் கொள்ளலாம். சேதம் பெரும்பாலும் வரப்போரக் கொடிகளில் தொடங்குமாதலால், அங்கு மட்டும் தெளித்தாலே போதுமான நேரங்கள் உண்டு. தளர்ந்த பட்டைகளை உரித்து அப்புறப்படுத்துவது வண்டுகளின் மறைவிடத்தைக் குறைக்கும். மொட்டு வீங்கும் அதே வாரத்தில் களைகளை ஒட்டுமொத்தமாக அகற்றிவிடாதீர்கள். கீழே தின்ன ஒன்றுமில்லாத வெட்டுப்புழு கொடியில்தான் ஏறும்.

கேள்வி: அடிச்சாம்பல் நோய்க்கு முதல் தெளிப்பை எந்த நாளில் தொடங்க வேண்டும்? கவாத்துக்குப் பின் இத்தனையாம் நாள் என்று ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்கிறார்கள்.

நாள் கணக்கு ஓரளவுக்குத்தான் உதவும். துளிரின் நீளம், வெப்பநிலை, மழை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அடிச்சாம்பல் நோயை உண்டாக்கும் உயிரியைப் பேச்சு வழக்கில் பூஞ்சாணம் என்கிறோம். உண்மையில் அது பாசிகளுக்கு நெருக்கமான உறவுடைய ஓர் உயிரினம். அதன் வாழ்க்கையே நீரைச் சார்ந்தது. சென்ற பருவத்தில் உதிர்ந்த இலைகளுக்குள் அதன் உறக்க வித்துகள் தங்கியிருக்கும். மண் நன்றாக நனைந்து ஓரளவு வெப்பமும் இருக்கும்போது அவை முளைத்து, மழைத்துளி தெறிக்கும் வேகத்தில் தரைக்கு அருகிலுள்ள இலைகளை வந்தடைகின்றன. அங்கே இலையின் மேல் படிந்த நீர்ப்படலத்தில் நீந்தி, இலையின் அடிப்பக்கத்திலுள்ள துளைகளின் வழியே உள்ளே நுழைகின்றன. ஐரோப்பிய உழவர்களிடையே நெடுங்காலமாக வழங்கும் ‘மூன்று பத்து’ என்ற கணக்கு இந்த அடிப்படையில் அமைந்ததுதான்: துளிர் 10 செ.மீ. வளர்ந்திருக்க வேண்டும், வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்குக் குறையாமல் இருக்க வேண்டும், ஓரிரு நாட்களுக்குள் 10 மி.மீ. மழை பெய்திருக்க வேண்டும். வெப்பமான பகுதிகளில் இரண்டாவது நிபந்தனை எப்போதும் நிறைவேறியே இருக்குமென்பதால், துளிரின் நீளமும் மழையுமே முடிவு செய்யும். ஆகவே துளிர் விரல் நீளத்தைத் தாண்டும்போது மழைக்கான அறிகுறி இருந்தால், மழைக்கு முன்பே முதல் தெளிப்பை முடித்துவிடுங்கள். நோய் நுழைந்த பிறகு ஏறத்தாழ ஒரு வாரம் வரை, குளிர்ந்த வானிலையில் இன்னும் அதிக நாள், வெளியே எந்த அடையாளமும் தெரியாது. மஞ்சள் நிற எண்ணெய்ப் புள்ளிகளைக் கண்டபின் ஓடி வந்து தெளிப்பது முதல் அலையைத் தவறவிட்ட பிறகு செய்யும் வேலை.

அந்தப் புள்ளி அடிச்சாம்பல்தானா என்ற ஐயம் வந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம். புள்ளியுள்ள இலைகள் சிலவற்றைப் பறித்து, லேசாக நீர் தெளித்த ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, இரவு முழுவதும் இருட்டில் வைத்துவிடுங்கள். காலையில் பிரிக்கும்போது, புள்ளிக்கு நேர் கீழே இலையின் அடிப்பக்கத்தில் பஞ்சு போன்ற வெண்மை படர்ந்திருந்தால் நோய் உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

தெளிப்பு இடைவெளியையும் துளிரே தீர்மானிக்கிறது. நல்ல வெப்பத்தில் துளிர் நாளொன்றுக்கு 2 முதல் 3 செ.மீ. வரை நீளும், சில நாட்களுக்கு ஒருமுறை ஒரு புது இலை விரியும். தொட்டவிடத்தில் மட்டும் காக்கும் தாமிரம், மேன்கோசெப் போன்ற மருந்துகள், தெளித்த நாளுக்குப் பின் பிறந்த இலையைக் காப்பதில்லை. அதனால்தான் மழைக்காலத்தில் 7 முதல் 10 நாள் இடைவெளி சொல்லப்படுகிறது. ஊடுருவிப் பாயும் மருந்துகள் இதற்குத் தீர்வாகத் தோன்றினாலும், அவற்றை அடுத்தடுத்துத் தெளித்தால் நோயுயிரி விரைவில் எதிர்ப்புத்திறன் பெற்றுவிடும். ஸ்ட்ரோபிலுரின், மெட்டலாக்சில் வகைகளுக்கு இது உலகின் பல பகுதிகளில் நடந்திருக்கிறது. வணிகப் பெயரை மாற்றிவிட்டால் மருந்தை மாற்றியதாகாது. மருந்து செயல்படும் முறையைக் குறிக்கும் குழு எண்ணைப் பார்த்து மாற்றுங்கள். தெளிப்பு முனையை மேல்நோக்கித் திருப்பி இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடிக்க வேண்டும் என்பதை மேலே சொன்ன இலைத்துளைகளே உணர்த்தும்.

கேள்வி: இளந்துளிர் மேல் போர்டோ கலவையைத் தெளிக்கலாமா? கருகிவிடும் என்று பயமாக இருக்கிறது.

உங்கள் பயத்தில் பொருள் இருக்கிறது. குளிர்ந்து ஈரமாக, இலை காய வெகுநேரம் ஆகும் வானிலையில் இக்கலவையிலுள்ள தாமிரம் தளிரைக் கருக்கும். வெயில் ஏறி இலை உலரும் நாளாகப் பார்த்து, முதலில் நான்கைந்து கொடிகளில் பாதிச் செறிவில் தெளித்து, இரண்டு மூன்று நாட்கள் கழித்துத் தொடருங்கள்.

100 லிட்டர் நீருக்கு 1 கிலோ மயில்துத்தமும் (தாமிர சல்பேட்) 1 கிலோ சுட்ட சுண்ணாம்பும் சேர்வது 1 சதவீதக் கலவை. இரண்டையும் தனித்தனி மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தில் கரைத்து, மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் கலக்கியபடியே மெதுவாக ஊற்ற வேண்டும். பின்னர் துலக்கிய இரும்புக் கத்தி ஒன்றைச் சிறிது நேரம் அதில் அமிழ்த்தி எடுங்கள். கத்தியில் செந்நிறப் படிவு ஒட்டியிருந்தால் தாமிரம் மிகுதி. அது மறையும் வரை சுண்ணாம்பு நீர் சேர்க்க வேண்டும். துளிர் கருகியதாக வரும் புகார்களில் பலவற்றுக்கு இந்தச் சோதனையை விட்டுவிட்டதே காரணம் என்பது என் கருத்து. கலவையை அன்றே பயன்படுத்திவிடுங்கள்.

இதன் பிறப்பும் திராட்சைத் தோட்டத்தில்தான். பிரான்சின் போர்டோ பகுதியில் வழிப்போக்கர்கள் பழத்தைப் பறிக்காமலிருக்க, சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்து வைத்திருந்தார்கள். மற்ற கொடிகளெல்லாம் நோயில் இலையுதிர்த்து நின்றபோது அவை மட்டும் பசுமையாக நிற்பதை 1882இல் தாவரவியலாளர் மில்லார்தே கவனித்தார். சோதனைகளுக்குப் பின் 1885இல் முறையை வெளியிட்டார்.

கேள்வி: இலைகளில் வெள்ளையாக ஏதோ படர்கிறது. ஒருவர் சாம்பல் நோய் என்கிறார், இன்னொருவர் அடிச்சாம்பல் என்கிறார். மழையே இல்லாதபோது இது எப்படி வரும்?

மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. அதை முதலில் விலக்கிவிடுவோம். இலையின் மேற்பக்கம் கொப்புளம் கொப்புளமாக உப்பி, அதற்கு நேர் கீழே குழிந்த இடத்தில் வெண்மயிர் அடர்ந்திருந்தால் அது நோயே அன்று, கண்ணுக்குத் தெரியாத ஒருவகைச் சிலந்திப்பேனின் வேலை. விரலால் தேய்த்தால் அந்த மயிர் போகாது, ஏனெனில் அது இலையே வளர்த்த மயிர். அடிச்சாம்பலின் வெண்மை விரலில் ஒட்டி வந்துவிடும். கொப்புளங்கள் பார்க்க அச்சமூட்டினாலும் மகசூலை அரிதாகவே பாதிக்கும். சாம்பல் நோய்க்குத் தெளிக்கும் கந்தகமே இதையும் அடக்கிவிடும்.

இலையின் மேற்பக்கத்தில் மாவு தூவியது போலவும், தளிரில் சாம்பல் பூசியது போலவும் இருந்தால் சாம்பல் நோய். இது அடிச்சாம்பலுக்கு நேர் எதிரானது. காற்றில் பரவும் இதன் வித்துகளுக்கு இலை ஈரமே தேவையில்லை. தேங்கிய நீர் அவற்றுக்குக் கேடு என்றே சொல்லலாம். மழையில்லாத, மேகம் மூடிய, 20 முதல் 27 பாகை வெப்பமுள்ள நாட்கள்தான் அதற்கு உகந்தவை. பட்டை இடுக்கிலும், சில இடங்களில் மொட்டுக்குள்ளேயும் தங்கியிருக்கும் இந்தப் பூஞ்சாணம், மொட்டிலிருந்து தொடங்கினால் முழுத் துளிரையும் வெண்மையாக்கிவிடும். அப்படி ஒரு துளிரைக் கண்டால் உடனே கிள்ளிப் பைக்குள் போட்டு வெளியே கொண்டுபோய் அழியுங்கள்.

நீரில் கலந்து தெளிக்கும் நனையும் கந்தகம் இன்றும் முதல்தர மருந்துதான். ஆனால் 32 பாகைக்கு மேல் வெப்பம் ஏறும் நாளில் தெளித்தால் இலை கருகும். எண்ணெய் வகை மருந்து தெளித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகம் கூடாது. கந்தகத்தைத் தாங்காத இரகங்களும் உண்டு. பூப்பதற்குச் சற்று முன்பு தொடங்கி, காய் பிடித்து மூன்று நான்கு வாரங்கள் ஆகும் வரை ஒரு தெளிப்பையும் தவறவிடாதீர்கள். காய்கள் மிக எளிதில் நோய் வாங்குவது அப்போதுதான்.

கேள்வி: புதிய இலைகள் விசிறி மடிப்பாகச் சுருங்கி, நரம்புகள் நெருங்கி வருகின்றன. வைரஸ் நோயா?

தோட்டம் முழுவதும் ஒரே நாளில் தோன்றியதா, காற்று வரும் பக்கத்துக் கொடிகளில் மட்டும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டில் ஒன்று ஆம் என்றால், 2,4-டி வகைக் களைக்கொல்லியின் சாரல் பட்டிருக்கவே வாய்ப்பு மிகுதி. திராட்சைக்கு அது மிகச் சிறிய அளவிலேயே கேடு செய்யும். களைக்கொல்லிக்குப் பயன்படுத்திய தெளிப்பானை எவ்வளவு கழுவினாலும் கொடிக்குப் பயன்படுத்த வேண்டாம். வைரஸாக இருந்தால், அங்கொரு கொடி இங்கொரு கொடியாக, ஆண்டுதோறும் அதே கொடிகளில் தோன்றும். அதற்கு மருந்தில்லை, கொடியை அகற்றுவதே வழி.

கேள்வி: அடிமரத்தில் எறும்புகள் வரிசையாக ஏறி இறங்குகின்றன. பட்டையை உரித்தால் மாவுப்பூச்சி. துளிர்களில் இன்னும் ஒன்றும் தெரியவில்லை. இப்போதே மருந்து அடிக்கலாமா?

எறும்புச்சாரியை வைத்தே மாவுப்பூச்சியைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். இது சரியான நேரம். பட்டைக்கு அடியிலிருந்து இளம்பூச்சிகள் துளிர் நோக்கி நகரத் தொடங்கும் பருவம் இது. குலைக்குள் புகுந்துவிட்டால் மருந்து எட்டாது. இலைச்சுருள் வைரஸைக் கொடிக்குக் கொடி கொண்டுசெல்வதும் இதுவே. முதலில் எறும்பைத் தடுங்கள்: அடிமரத்தைச் சுற்றிப் பசைப்பட்டை கட்டி, தரையைத் தொடும் கிளைகளை வெட்டிவிட்டாலே, எறும்பின் காவல் நீங்கி இயற்கை எதிரிகள் வேலை செய்யத் தொடங்கும். பட்டை உரித்த இடத்தில் மட்டும் மருந்து படும்படி அடிமரத்துக்குத் தெளிப்பது, இலை முழுவதும் தெளிப்பதைவிட மேலானது.

தெளிக்கும் முன் அந்த வெள்ளைக் கூட்டத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் ஒருமுறை பாருங்கள். மாவுப்பூச்சியைவிட உருவில் பெரிதாக, மேலெல்லாம் நீண்ட வெண்மெழுகு இழைகளோடு, அவற்றைக் காட்டிலும் விரைந்து நடக்கும் புழு ஒன்று அதனிடையே தெரியலாம். அது மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் குஞ்சு. மாவுப்பூச்சி என்று நினைத்து அதையும் நசுக்கிவிடுகிறவர்கள் பலர். பத்துக் கொடிக்கு ஓரிடத்தில் அது இருந்தாலும் மருந்தை ஒத்திவைத்து, ஒரு வாரம் கழித்து மீண்டும் பட்டையை உரித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.