பெரியப்பா மருத்துவம் என்கிறார், பயிற்சியாளர் பதக்கம் என்கிறார்

வில்வித்தை பழகும் மகளை அடுத்து என்ன படிக்கவைப்பது என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். ஒரு பக்கம் அவளுடைய பெரியப்பா, மருத்துவம் இல்லையென்றால் எதிர்காலமே இல்லை என்கிறார். இன்னொரு பக்கம் பயிற்சியாளர், ஒலிம்பிக் வரை போகலாம் என்கிறார். நடுவில் உங்களுக்குத் தூக்கம் போய்விட்டது, புரிகிறது. ஆனால் இதில் ஆறுதல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, ஏனென்றால் இரண்டு பேருமே உங்கள் மகளைப் பார்த்துப் பேசவில்லை.

தன் சுற்று முடிந்ததும் மற்றவர்களின் வில்லை வாங்கி நோண்டிக்கொண்டிருக்கிறாள், கவனமே இல்லை என்று குறைப்பட்டிருக்கிறீர்களே, அவள் கவனம் முழுக்க அங்கேதான் இருக்கிறது, வில்லையும் அம்பையும் சீரமைக்கும் வேலையில்.

நாணை விட்டதும் அம்பு நேராகப் போவதில்லை, மீன்போல நெளிந்துதான் வில்லைத் தாண்டுகிறது. அந்த நெளிவு வில்லின் பலத்துக்குப் பொருந்த வேண்டும். அதனால் 28 அங்குல இடைவெளியில் அம்புத்தண்டைத் தாங்கவைத்து, நடுவில் சுமார் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டு, எவ்வளவு தொய்கிறது என்று அளப்பார்கள். அப்புறம் இறகில்லாத அம்பையும் சேர்த்து எய்வார்கள். வலக்கைக்காரருக்கு அது இறகுள்ள அம்புகளுக்கு இடப்பக்கம் விழுந்தால் தண்டு விறைப்பு அதிகம், வலப்பக்கம் விழுந்தால் குறைவு. 70 மீட்டரில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 12.2 சென்டிமீட்டர்தான், அதனால் இந்த வேலை தெரிந்தவரை வீரர்கள் தேடி வருவார்கள்.

வில்லைப் பற்றிய அறிவு வரலாற்று ஆய்வுக்கும் உதவும். 1545-ல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலிலிருந்து 170-க்கும் மேற்பட்ட நெடுவிற்கள் கிடைத்தன. அவற்றை இழுக்க 100 முதல் 185 பவுண்டு வரை விசை தேவைப்பட்டிருக்கும் என்று கணித்தார்கள். வில் செய்பவர், கணக்குப் போடுபவர், தொல்லியலாளர் எல்லோரும் சேர்ந்து செய்த வேலை அது.

வில் சீரமைப்பை மட்டும் நம்பி இறங்கச் சொல்லவில்லை, வேலைகள் குறைவு. இயந்திரவியலோ பொருளறிவியலோ படிக்கட்டும். வில்லில் கார்பன் இழையை அடுக்கி ஒட்டும் அதே நுட்பம் செயற்கைக் காலிலும் விமானத்திலும் இருக்கிறது.

செலவு விஷயத்தில் கறாராகவே சொல்கிறேன்: கடன் வாங்கி விலையுயர்ந்த வில் வாங்காதீர்கள். வளரும் பிள்ளைக்கு இழுக்கும் நீளமும் பலமும் மாறிக்கொண்டே இருக்கும், வில்லின் கைகளை, அதாவது வளையும் மேல், கீழ்ப் பகுதிகளை மட்டும் கழற்றி மாற்றும் சாதாரண வில் போதும். சீக்கிரம் முன்னேறட்டும் என்று பலத்தைக் கூட்டினால் தோள்தான் கெடும். பிடிக்காத படிப்புக்குக் கட்டணம் கட்டுவதும் வேண்டாம், பாதியில் விட்டால் பணமும் போகும், பிள்ளையும் நொந்துபோவாள்.

விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் ஒரு மாதம் வில் சீரமைப்பவர் ஒருவரிடம் உதவிக்கு விடுங்கள். நாணுக்கு நூல் சுற்றட்டும், இறகு ஒட்டட்டும். அலுக்கவில்லை என்றால் பெரியப்பாவை என்னிடம் அனுப்புங்கள், நான் பேசுகிறேன்.