ரிப்போர்ட்டில் தேதி இருக்காது: பால்வினைத் தொற்றும் வீட்டுச் சந்தேகமும், கேள்வி பதில்

மும்பையில் ஒரு அரசு ஆஸ்பத்திரியின் பால்வினை நோய்ப் பிரிவில் ஆலோசகராக இருக்கிறேன். டாக்டர் இல்லை, மருந்துச் சீட்டு எழுத மாட்டேன். சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறவர் "இதை வீட்டில் எப்படிச் சொல்வது" என்று திகைத்து நிற்பார் பாருங்கள், அங்கேதான் என் வேலை ஆரம்பிக்கிறது. தாராவியிலிருந்து டோம்பிவிலி வரை நம் ஆட்கள் கேட்டதில் சிலவற்றுக்கு இங்கே பதில். பெயர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி (தாராவி, பெண், 33): அக்கா, கல்யாணமாகி ஒன்பது வருஷம். இரண்டாவது குழந்தை தங்கவில்லை என்று டாக்டரைப் பார்த்தோம். எடுத்த டெஸ்ட்களில் எனக்குக் கிளமிடியா பாசிட்டிவ். இவருக்குத் துணி வியாபாரம், மாதத்தில் பாதி நாள் சூரத்தில். எனக்கு இவரைத் தவிர யாரும் கிடையாது. அப்படியென்றால் இவர்தான் என்று தெளிவாகிவிட்டது இல்லையா? திருநெல்வேலிக்குக் கிளம்பப் பெட்டி கட்டிவிட்டேன்.

பெட்டி அப்படியே இருக்கட்டும் தங்கச்சி, முதலில் எடுத்தது என்ன டெஸ்ட் என்று ரிப்போர்ட்டில் பாருங்கள். குழந்தைக்காகப் போகும் இடங்களில் பல நேரம் ரத்தத்தில் கிளமிடியா ஐஜிஜி, அதாவது உறவில் தொற்றும் அந்தக் கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புப்பொருளைப் பார்ப்பார்கள். எப்போதோ ஒரு காலத்தில் உடம்பு அந்தக் கிருமியைச் சந்தித்திருக்கிறது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் தெரியாது. நுரையீரலில் வரும் இன்னொரு கிளமிடியா வகை உண்டு, அதற்கும் உறவுக்கும் சம்பந்தமே இல்லை, சில சமயம் அதைப் பார்த்தும் இந்த டெஸ்ட் பாசிட்டிவ் காட்டிவிடும். சிறுநீரிலோ, கர்ப்பப்பை வாயில் பஞ்சுக்குச்சி வைத்து எடுத்ததிலோ, கிருமியின் மரபணுவையே தேடும் பிசிஆர் டெஸ்ட் செய்து பாசிட்டிவ் வந்திருந்தால் மட்டுமே கிருமி இப்போது உள்ளே இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

சரி, பிசிஆர்தான் என்றால்? ஒளிக்காமல் சொல்கிறேன். பெண்களில் பத்தில் ஏழு பேருக்கும், ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கும் இது ஒரு அறிகுறியும் காட்டாது. மாதக்கணக்கில், சிலருக்கு ஒரு வருஷம் தாண்டியும் அப்படியே கிடக்கும். ஆனால் கல்யாணத்துக்கு முந்தைய கதையை ஒன்பது வருஷம் கழித்து இதன் தலையில் கட்டுவது கஷ்டம். அதனால் உங்களுக்குக் கேள்வி எழுவது நியாயம். சூரத் போவது மட்டும் சாட்சி ஆகாது, அவ்வளவுதான்.

இன்னொன்று, இதைப் பலர் யோசிப்பதில்லை. அவரை டெஸ்ட் எடுக்கச் சொல்லி அவருக்கு நெகட்டிவ் வந்தால், உடனே மாமியார் வீட்டில் பழி உங்கள் பக்கம் திரும்பும். தொண்டை வலி, காய்ச்சல் என்று நடுவில் எப்போதாவது அவர் அசித்ரோமைசின் சாப்பிட்டிருந்தால்கூட அவர் உடம்பிலிருந்து கிருமி போயிருக்கலாம். அவருடைய நெகட்டிவ் உங்களைக் குற்றவாளி ஆக்காது, அவரையும் யோக்கியர் ஆக்காது. யார் முதலில் என்பதைச் சொல்லும் டெஸ்ட் உலகத்தில் எந்த லேபிலும் கிடையாது.

செய்ய வேண்டியது, இருவரும் ஒரே நேரத்தில் மருந்து எடுப்பது. வழக்கமாக டாக்ஸிசைக்ளின் ஏழு நாள், கர்ப்பம் என்றால் அது கூடாது, வேறு மருந்து உண்டு. அந்த ஏழு நாளும் சேராமல் இருக்க வேண்டும், மூன்று மாதம் கழித்துத் திரும்ப டெஸ்ட். ஒருவர் மட்டும் சாப்பிட்டால் அடுத்த மாதம் மறுபடி வந்து நிற்பீர்கள். சண்டை போடுவதாக இருந்தாலும் மருந்தை முடித்துவிட்டுப் போடுங்கள்.

கேள்வி (முலுண்ட், ஆண், 41): கம்பெனி வேலையாக வெளியூர் போனபோது தப்பு நடந்துவிட்டது மேடம். நாலாம் நாள் எரிச்சல், சீழ். மெடிக்கல் ஷாப்பில் சொல்லி மாத்திரை வாங்கிப் போட்டேன், நின்றுவிட்டது. ஊருக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. மனைவிக்கும் அதே மாத்திரையைச் சத்து மாத்திரை என்று சொல்லிக் கொடுத்துவிடவா?

கொடுக்காதீர்கள். இந்த யோசனை உங்களுக்கு மட்டும் தோன்றியது என்று நினைக்க வேண்டாம், வாராவாரம் யாராவது கேட்கிறார்கள். அவருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, கர்ப்பமா, ஏற்கெனவே என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று எதுவும் தெரியாமல் கொடுக்கப் போகிறீர்கள். அதோடு நீங்கள் சாப்பிட்டதே சரியான மருந்தா? நாலாம் நாள் சீழ் என்றால் கொனோரியா மேல்தான் முதல் சந்தேகம் வரும், உடன் கிளமிடியாவும் ஒட்டிக்கொண்டு வரலாம். கொனோரியா பல பழைய மருந்துகளுக்கு இப்போது மசிவதில்லை. சீழ் நின்றதை வைத்துக் கிருமி போய்விட்டது என்று சொல்ல முடியாது.

ஊருக்கு வந்த பிறகு சேர்ந்திருந்தால் மனைவிக்குப் போயிருக்க நிறைய வாய்ப்பு. பெண்களுக்குப் பல நேரம் அறிகுறி இருக்காது, அது பாட்டுக்குக் கர்ப்பப்பைக்கு மேலே ஏறிக் கருக்குழாயைப் பாழாக்கும். தீராத அடிவயிற்று வலி, குழந்தை இல்லாமை, குழாயிலேயே கரு தங்குவது என்று பிறகு வரும். அதனால் சொல்லத்தான் வேண்டும்.

எப்படி? முதலில் உடம்பு விஷயம் மட்டும்: "எனக்கு ஒரு தொற்று வந்திருக்கிறது, உனக்கும் வந்திருக்கலாம், நாளைக் காலை இரண்டு பேரும் ஆஸ்பத்திரி போக வேண்டும்." ஏன், எங்கே என்று அடுத்த நிமிஷம் கேட்பார். அப்போது ஆபீஸ் டாய்லெட் என்று ஆரம்பிக்காதீர்கள். எங்களிடம் வரும் பெண்களில் மன்னித்தவர்களும் உண்டு, அன்றைக்கே பிரிந்து போனவர்களும் உண்டு, அதை நான் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் நர்ஸ் வாயால் தெரிந்துகொண்டவர்களின் கோபம் வேறு தினுசாக இருக்கிறது, தப்பைவிட மறைத்ததைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். தனியாகச் சொல்லப் பயமாக இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், ஆலோசகர் முன்னால் உட்கார்ந்து சொல்லலாம்.

எச்ஐவி தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 28 நாள் சாப்பிட வேண்டும், உங்களுக்கு அது தாண்டிவிட்டது. இப்போது ஒரு எச்ஐவி டெஸ்ட், சம்பவம் நடந்து மூன்று மாதம் ஆனதும் இன்னொன்று. சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி இரண்டும் சேர்த்து. அதுவரை ஆணுறை இல்லாமல் கூடாது.

கேள்வி (பரேல், ஆண், 29): எங்கள் சாலில் (வரிசை வீட்டுக் கட்டடத்தில்) மாடிக்கு ஒரே கழிப்பறை. அதிலிருந்து மேகநோய் வருமா?

வராது. சிபிலிஸும் கொனோரியாவும் கழிப்பறையில் உட்கார்ந்து தொற்றுவதில்லை. பொதுக் கழிப்பறையின் மேல் பழி போட்டே பிழைத்த கணவன்மார்கள் இந்த ஊரில் ஏராளம்.

கேள்வி (மாட்டுங்கா, பெண், 56): அவருக்கு 61 வயது. இரண்டு மாதமாக ஆணுறுப்பின் முனையில் சிவப்பு, அரிப்பு, வெள்ளையாகப் படிகிறது. எனக்கும் அரிப்பு. வெளியில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது, இந்த வயசில் இவர் எங்கே போய் வாங்கி வந்தார்?

மாமி, அவருக்குச் சர்க்கரை இருக்கிறதா, சமீபத்தில் டாக்டர் மாத்திரை மாற்றினாரா? டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் மாதிரி 'ஃப்ளோசின்' என்று பெயர் முடிகிற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும். அந்த இடத்தில் இனிப்பு தங்கினால் கேண்டிடா என்கிற பூஞ்சை கொண்டாட்டமாக வளரும். மாத்திரை மாறாவிட்டாலும், கட்டுப்படாத சர்க்கரையே போதும். நீங்கள் சொல்வது அதே மாதிரிதான் இருக்கிறது, இதைப் பால்வினை நோய்க் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பூஞ்சைக்கான களிம்பு இருக்கிறது, டாக்டர் பார்த்துவிட்டுத் தருவார், உங்களுக்கும் அரிப்பு என்பதால் நீங்களும் காட்டுங்கள். சர்க்கரை மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. அப்புறம், அவரிடம் ஏற்கெனவே ஏதாவது கேட்டுவிட்டீர்கள் என்றால், அதைச் சரிசெய்ய என்னிடம் களிம்பு இல்லை.

கேள்வி (செம்பூர், பெண், 26): நான்காம் மாதம். ரத்தப் பரிசோதனையில் விடிஆர்எல் ரியாக்டிவ் என்று வந்தது. அது சிபிலிஸ் என்று தெரிந்ததிலிருந்து கணவர் பேசுவதில்லை. அவருக்கு நெகட்டிவ்.

விடிஆர்எல் முதல்கட்ட டெஸ்ட்தான் அம்மா. கர்ப்பத்திலேயே சிலருக்குப் பொய்யாகப் பாசிட்டிவ் வரும்; மலேரியா, லூபஸ் மாதிரி சில நோய்களிலும் வரும். உறுதிசெய்ய டிபிஎச்ஏ என்று இன்னொன்று எடுப்பார்கள். அது நெகட்டிவ் என்றால் பெரும்பாலும் சிபிலிஸ் இல்லை, சில வாரம் கழித்து ஒருமுறை திரும்பப் பார்ப்பார்கள். பாசிட்டிவ் என்றாலும் எப்போது வந்தது என்று அது சொல்லாது, ஒருமுறை வந்து குணமானவருக்கும் டிபிஎச்ஏ பல வருஷம் பாசிட்டிவாகவே இருக்கும். உண்மையிலேயே தொற்று இருந்தால் பென்சதீன் பென்சிலின் ஊசி, அதைத் தள்ளிப்போடாதீர்கள், குழந்தைக்குப் போகும் நோய் இது. கணவரை ஒருநாள் ஆலோசகரிடம் அனுப்புங்கள், முதல்கட்ட டெஸ்டை வைத்துக்கொண்டு மனைவியிடம் பேசாமல் இருப்பதைப் பற்றி அவரிடம் கேட்க எங்களுக்கும் சில கேள்விகள் இருக்கின்றன.

கேள்வி (பவாய், ஆண், 31): ஆறு வருஷமாகச் சேர்ந்து வாழ்கிறோம். அவளுக்கு இப்போது முதல்முறையாக ஹெர்பிஸ் புண். நான் எங்கேயும் போகவில்லை, அவளும் போகவில்லை என்கிறாள். இரண்டு பேரும் உண்மை சொல்ல வழி இருக்கிறதா?

தாராளமாக இருக்கிறது. இந்த வைரஸ் உள்ளே போனால் நரம்பில் தங்கிவிடும், முதல் புண் வருஷங்கள் கழித்தும் வரலாம், சிலருக்கு வருவதே இல்லை. இதில் இரண்டு வகை உண்டு. உதட்டில் கொப்புளம் வருமே, அந்த முதல் வகையைச் சின்ன வயதிலேயே வாங்கியவர்கள் ஏராளம், வாய்வழி உறவில் அது கீழே போகும். உங்களுக்கு உதட்டில் வந்ததுண்டா? புண் ஈரமாக இருக்கும்போதே அதிலிருந்து எடுத்து பிசிஆர் செய்தால் எந்த வகை என்று தெரியும். ரத்தத்தில் ஐஜிஎம் என்கிற இன்னொரு வகை எதிர்ப்புப்பொருள் டெஸ்ட் எடுத்து "புதுத் தொற்று" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அந்த டெஸ்ட்டால் உடைந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (ஆன்டாப் ஹில், பெண், 38): கணவர் எனக்கு நோய் கொடுத்துவிட்டார். கள்ளத்தொடர்புக்குப் போலீசில் கேஸ் போடலாமா?

கள்ளத்தொடர்பைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆவது பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் நீக்கிவிட்டது. ஆனால் விவாகரத்துக்கு அது இன்னும் காரணம்தான். தொற்றக்கூடிய பால்வினை நோயையும் இந்து திருமணச் சட்டம் தனிக் காரணமாக வைத்திருக்கிறது. மிச்சத்தை வக்கீலிடம் கேளுங்கள். சிகிச்சைச் சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி (நெரூல், பெண், 36): இரண்டாம் கல்யாணம் பேசி முடித்திருக்கிறது. இருவரும் டெஸ்ட் எடுக்கலாம் என்று சொன்னால் அவர் தப்பாக நினைப்பாரோ?

"நீங்கள் எடுங்கள்" என்று சொன்னால் நினைப்பார். "நான் எடுக்கப் போகிறேன், நீங்களும் வாருங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். எச்ஐவி, விடிஆர்எல், ஹெபடைடிஸ் பி, முடிந்தால் கிளமிடியாவுக்கும் கொனோரியாவுக்கும் பிசிஆர். ஹெபடைடிஸ் பி பிறக்கும்போது தாயிடமிருந்தே வந்திருக்கலாம், அவருக்கு அது இருந்தால் பயப்பட வேண்டாம், உங்களுக்குத் தடுப்பூசி இருக்கிறது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயோடு தொடர்புள்ள எச்பிவி என்கிற வைரஸ் என்று வந்தாலும் முன்கதையைத் தோண்ட வேண்டாம், உறவில் இருக்கிற பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வந்துபோகும், பலருக்கு இரண்டு வருஷத்துக்குள் தானாகப் போய்விடும். நீங்கள் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையை மட்டும் விடாமல் செய்துகொள்ளுங்கள்.

சயான், கேஇஎம், நாயர் மாதிரி பெரிய மாநகராட்சி ஆஸ்பத்திரிகளில் ஸ்கின் ஓபிடியில் கேட்டால் வழி காட்டுவார்கள், எச்ஐவி டெஸ்ட் இலவசம். முடிவை உங்களைத் தவிர வேறு யாரிடமும் சொல்லக் கூடாது என்று 2017ஆம் வருஷத்து எச்ஐவி சட்டம் இருக்கிறது, மிகச் சில விதிவிலக்குகள் உண்டு. போவதற்கு முன் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் எச்ஐவி உதவி எண் 1097க்குக் கூப்பிடுங்கள், காசு கிடையாது. ஓபிடிக்குக் காலையிலேயே போய்க் கேஸ் பேப்பர் (பதிவுச் சீட்டு) எடுத்துவிடுங்கள், பத்து மணிக்கு மேல் வரிசை படிக்கட்டு வரைக்கும் வந்துவிடும்.