லேப்டாப் ஆன் ஆகவில்லை. கடைக்குக் கொண்டுபோவதற்கு முன் நானே என்னென்ன பார்க்கலாம்?

நேற்றிரவு வரை நன்றாக ஓடிய லேப்டாப், காலையில் பட்டனை அழுத்தினால் அசையவில்லை, இரண்டு வருடத்துக்கு முன் ஊரிலிருந்து கொண்டுவந்தது, சிங்கப்பூரின் கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேருக்குத் தூக்கிக்கொண்டு போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம், ஆனால் இன்றைக்கே வேண்டாம். ஒரு அரை மணி நேரம் நீங்களே பாருங்கள். பதினோரு வருடமாக இங்கே ஓர் அலுவலகத்தில் கணினிப் பிரிவில் இருக்கிறேன். "செத்துப்போச்சு" என்று மேசைக்கு வருவதில் பாதி சாகவில்லை.

முதலில் நான் ஏமாந்த கதை. சிங்கப்பூர் வந்த புதிதில் என் லேப்டாப்பும் இப்படித்தான் ஒரு காலையில் படுத்துவிட்டது. வீட்டுக்குப் பக்கத்துக் கடைத்தொகுதியில் ஒரு கடை. அங்கிருந்தவர் பட்டனை இரண்டு முறை அழுத்திப் பார்த்தார், காதருகில் வைத்துக் கேட்டார், "போர்டு போச்சு, 380 வெள்ளி" என்றார். அப்போது என் சம்பளத்துக்கு அது பெரிய தொகை. யோசித்துச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அறையில் கூட இருந்த அண்ணன் ஒருவர், சார்ஜரைப் பிடுங்கினார், மவுஸைப் பிடுங்கினார், பவர் பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அரை நிமிடம் இருக்கும். சார்ஜரை மறுபடி மாட்டி அழுத்தினார். லோகோ வந்தது. அந்தக் கடைக்காரர் ஏமாற்றினாரா, அவசரத்தில் சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த லேப்டாப் அதற்குப் பிறகு நான்கு வருடம் ஓடியது.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. பவர் பட்டன் நேராக மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச் அல்ல. உள்ளே ஒரு குட்டிச் சிப் இருக்கிறது. பட்டன், பேட்டரி, சார்ஜர், மூடியைத் திறந்தது மூடியது எல்லாவற்றையும் அதுதான் கவனிக்கும். லேப்டாப் அணைந்திருந்தாலும் அது விழித்தபடியே இருக்கும். சில நேரம் அது சிக்கிக்கொண்டு நின்றுவிடும். அப்புறம் நீங்கள் பட்டனை நூறு முறை அழுத்தினாலும் கேட்க ஆளில்லை. மிச்சமிருக்கும் மின்சாரம் முழுவதும் வடிந்தால்தான் அது புதிதாக ஆரம்பிக்கும். அதனால் சார்ஜரையும் சொருகியிருக்கும் எல்லாவற்றையும் கழற்றுங்கள், பேட்டரி வெளியே எடுக்கிற மாதிரி இருந்தால் அதையும் எடுங்கள், பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். இப்போதைய மாடல்களில் பேட்டரி உள்ளேயே இருக்கும். திங்க்பேட், ஏசர் போன்றவற்றின் சில மாடல்களில் அதற்காகவே அடிப்பக்கத்தில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை வைத்திருப்பார்கள். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி மெதுவாக அழுத்தினால் போதும்.

அடுத்தது சார்ஜர். நீங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்தது என்றதும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான். வோல்ட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். பெட்டியின் மேல் 100-240 என்று போட்டிருக்கும், இங்கேயும் ஊரிலும் 230தான். சிக்கல் பிளக்கில். இங்குள்ள சுவர்ச் சாக்கெட்டில் மேல் துளையில் ஏதாவது நுழைந்தால்தான் கீழிரண்டு துளைகளின் மூடி திறக்கும். நம்மாட்கள் என்ன செய்வார்கள்? மேலே பேனா மூடியைச் சொருகிவிட்டு ஊர்ப் பிளக்கைத் திணிப்பார்கள். நானும் செய்தவன்தான். அது பிடிப்பில்லாமல் ஆடிக்கொண்டே இருக்கும், உள்ளே பொறி தட்டும், ஒரு நாள் கருகிப்போகும். பிளக்கின் கம்பிகளைப் பாருங்கள், கறுத்திருந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள். சார்ஜர் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள கேபிள் பெரும்பாலும் தனியாகக் கழன்று வரும். பெட்டிப் பக்கம் மூன்று வட்டம் ஒட்டிவைத்த மாதிரி இருப்பதைக் கடையில் மிக்கி மவுஸ் கேபிள் என்று கேட்டால் கொடுப்பார்கள். சேஃப்டி மார்க் என்ற பாதுகாப்பு முத்திரை போட்டதாகப் பார்த்து வாங்குங்கள்.

இங்கே வாங்கிய கேபிளாக இருந்தால் வேறொரு விஷயம்: பிளக்கினுள்ளே ஃபியூஸ் இருக்கும். எங்கள் புளோக்கில் ஒன்பதாவது மாடி அக்கா ஒருநாள் மின்தூக்கியில் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, ரெண்டு நாளா லேப்டாப்புல உயிரே இல்லப்பா."

"சார்ஜர்ல லைட் எரியுதாக்கா?"

"சார்ஜருக்கு லைட் வேற இருக்கா?"

இருந்தது, எரியவில்லை. சாக்கெட் சுவிட்ச் போட்டுத்தான் இருந்தது. பிளக்கைத் திறந்து, விரல்கணு நீளத்துக்கு இருக்கும் அந்த ஃபியூஸை எடுத்துவிட்டு, அதே ஆம்பியரில் வேறொன்று போட்டேன். வேலை முடிந்தது. அக்கா கொடுத்த மீன் குழம்பு அந்த ஃபியூஸைவிட விலை அதிகம்.

டைப்-சி சார்ஜராக இருந்தால், கைபேசியின் 20 வாட் சார்ஜரைப் போட்டுவிட்டு ஆன் ஆகவில்லை என்று சொல்லாதீர்கள். பெரும்பாலான லேப்டாப்புகளுக்கு 45, 65 வாட் வேண்டும். பேட்டரி அடியோடு காலியாகியிருந்தால் சரியான சார்ஜரிலும் இருபது நிமிடம் பொறுத்துத்தான் எழுந்திருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் லேப்டாப்பில் ஒரு விளக்கும் இல்லை, சூடும் இல்லை என்றால் அது கடைக்காரர் வேலை. ஆனால் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டு என்றால் அது வேறு வியாதி. அப்போது கேப்ஸ் லாக்கைத் தட்டிப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே உயிர் இருக்கிறது, திரைதான் தெரியவில்லை. கைபேசி டார்ச்சைத் திரையின் மேல் சாய்த்து அடியுங்கள். மங்கலாக எழுத்துத் தெரிந்தால் பின்விளக்கு போயிருக்கிறது. எச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு இணைத்தும் பார்க்கலாம். இன்னொன்று, சிரிக்காதீர்கள்: மூடி மூடியிருக்கிறதா என்பதைப் பல லேப்டாப்புகள் காந்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கின்றன. எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்குத் திரை அடிக்கடி அணைந்துபோனது. காரணம் அவர் கைக்கடிகாரப் பட்டையில் இருந்த காந்தம். காந்தம் வைத்த கைபேசி உறையும் இதைச் செய்யும்.

கேப்ஸ் லாக் தானாகவே விட்டுவிட்டுச் சிமிட்டினால், அல்லது டெல்லில் மஞ்சளும் வெள்ளையும் மாறி மாறி வந்தால், அது லேப்டாப் உங்களிடம் ஏதோ சொல்கிறது. எத்தனை முறை என்று எண்ணுங்கள், கைபேசியில் வீடியோ எடுங்கள். மாடல் பெயரோடு தேடினால் எந்தப் பாகம் என்று கம்பெனியே எழுதி வைத்திருக்கும். அடிக்கடி வருவது ரேம், அதாவது தற்காலிக நினைவகப் பலகை. இந்த ஊர்க் காற்றின் ஈரத்தில் ரேமின் பொன்னிறப் பற்களில் கறை படியும். ஸ்குரூடிரைவர் பிடித்துப் பழக்கம் இருந்தால் மட்டும் அடிமூடியைத் திறந்து, முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றி, ரேமை எடுத்துப் பற்களைப் பென்சில் ரப்பரால் லேசாகத் துடைத்து, 'டக்' என்று உட்காரும்வரை அழுத்துங்கள். டிடிஆர்5 என்ற புதிய வகை ரேம் என்றால் அதன்பின் முதல்முறை ஆன் ஆகும்போது சில நிமிடம் வெறும் கறுப்பாகவே நிற்கும். பயந்து அணைத்துவிடாதீர்கள். மேக்புக்கிலும் மெலிசான பல மாடல்களிலும் ரேம் போர்டோடு ஒட்டியே வரும், அங்கே இந்த வேலை கிடையாது.

திறந்ததும் பேட்டரி உப்பலாகத் தெரிந்தால், அல்லது திறக்காமலே டச்பேட் மேலே எழும்பியிருந்தால், அத்தோடு நிறுத்துங்கள். சார்ஜ் போடாதீர்கள், அழுத்தி மூடாதீர்கள்.

லோகோ வரைக்கும் வந்து நிற்கிறதா? அப்படியானால் பழுது பெரும்பாலும் டிஸ்க்கில் அல்லது விண்டோஸில். கடைகளில் உடனே "ஃபார்மேட் பண்ணிடலாமா?" என்பார்கள். தலையாட்டிவிட்டால் ஊர்ப் படங்கள் எல்லாம் போய்விடும். பிட்லாக்கர் (விண்டோஸ் டிஸ்க்குக்குப் போடும் பூட்டு) திரை வந்து 48 இலக்கச் சாவி கேட்டால் கலங்க வேண்டாம். வீட்டு லேப்டாப் என்றால் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பெரும்பாலும் பதிவாகியிருக்கும், கைபேசியிலேயே உள்ளே போய்ப் பார்க்கலாம். அலுவலக லேப்டாப் என்றால் மேலே சொன்ன எதையும் செய்யாமல் உங்கள் ஐடி ஆளைக் கூப்பிடுங்கள். நீங்கள் திறந்தது தெரிந்தால் அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காது, எனக்குத் தெரியும்.

கடைக்குப் போவது என்று முடிவானால், பார்ப்பதற்கு மட்டும் எவ்வளவு, சரிசெய்ய எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டு, எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கேளுங்கள். உங்களுடையது ஊரில் வாங்கியது, அதனால் இது பொருந்தாது. ஆனால் இங்கே கடையில் வாங்கி ஆறு மாதத்துக்குள் இப்படி ஆனவர்கள் யாராவது படித்தால், 2012 செப்டம்பரிலிருந்து லெமன் லா என்ற நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை விற்கும்போதே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரர்.

முதலில் அந்த 30 விநாடியைச் செய்துவிட்டு, என்ன மாடல், சார்ஜரில் விளக்கு எரிகிறதா, கேப்ஸ் லாக் தட்டினால் என்ன ஆகிறது என்று கீழே எழுதுங்கள். இன்றிரவு ஷிஃப்ட் முடிந்து வந்து பார்க்கிறேன்.