கைக்கெட்டும் தூரத்தில் சினிமா

அன்புள்ள சார்,

நாகர்கோவிலில் ஒரு கடையில் கணக்குப் பார்க்கிறேன். தக்கலை பக்கம் வாடகை வீடு, நானும் அம்மாவும் மட்டும். வீட்டிலும் கணக்கு வேலை இருப்பதால் 24 இஞ்ச் மானிட்டர் ஒன்று வாங்கினேன். டிவி கிடையாது. இரவு வேலை முடிந்ததும் அதே மானிட்டரில் ஹெட்போன் மாட்டிப் படம் பார்ப்பேன். "இதுல பாத்தா படம் பாத்த மாதிரி இருக்குமாடே?" என்று மச்சான் கேலி செய்கிறார். தவணையில் 43 இஞ்ச் டிவி எடுக்கச் சொல்கிறார். நீங்கள் சினிமா பற்றி எழுதுகிறவர். மானிட்டரில் பார்ப்பது படத்துக்குச் செய்யும் அவமரியாதையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மச்சான் கையில் ஒரு டேப்பைக் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். உங்கள் மானிட்டரின் அகலம் 53 செ.மீ. வரும். நாற்காலியில் உட்கார்ந்தால் கண்ணுக்கும் திரைக்கும் இரண்டரை அடி. அந்தத் தூரத்தில் திரை உங்கள் பார்வையில் ஏறக்குறைய 38 டிகிரியை அடைத்துக்கொள்கிறது. 43 இஞ்ச் டிவிக்கு அகலம் 95 செ.மீ. அதைச் சுவரில் மாட்டி ஒன்பதடி தள்ளிக் கட்டிலில் சாய்ந்து பார்த்தால் வெறும் 20 டிகிரி. வீட்டில் படம் பார்க்க 30 டிகிரியாவது வேண்டும் என்பது சினிமாத் தொழில்நுட்பக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. தியேட்டர்களின் ஒலி, ஒளித் தரத்துக்கு அளவுகோல் வகுக்கும் டிஎச்எக்ஸ் நிறுவனம் 40 வரை போகிறது. ஆக, தியேட்டருக்குப் பக்கத்தில் இருப்பது நீங்கள்தான்.

டிவியை அவ்வளவு தள்ளி வைக்கும் பழக்கம் கூட்டத்தால் வந்தது என்று நினைக்கிறேன். எண்பதுகளில் நம்மூரில் ஆன்டெனாவைத் திருவனந்தபுரம் பக்கம் திருப்பிவைத்து தூரதர்ஷன் பார்த்த வீடுகளில் தரை முழுக்க ஆள் இருக்கும். வாசலில் நிற்பவருக்கும் தெரிய வேண்டும். இப்போது கூட்டம் இல்லை, பெட்டி மட்டும் எதிர்ச்சுவரை விட்டு வரவில்லை.

டிவியில் எனக்கு ஆகாத சமாச்சாரம் ஒன்று உண்டு. சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். பல டிவிகள் நடுவில் இல்லாத ஃபிரேம்களைத் தாங்களே தயாரித்துச் சொருகுகின்றன. பெரிய படமும் மெகா சீரியல் போல வழுவழுவென்று ஓடும். 2018 டிசம்பரில் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் வீடியோ போட்டே அதை அணைக்கச் சொன்னார்கள். மானிட்டரில் பொதுவாக இந்த வேலை கிடையாது. 60 ஹெர்ட்ஸ் திரையில், அதாவது நொடிக்கு 60 தடவை படத்தைப் புதுப்பிக்கும் திரையில், வேறொரு குறை: 24-ஆல் 60 சரியாக வகுபடாது, அதனால் ஒரு ஃபிரேம் இரண்டு தடவை, அடுத்தது மூன்று தடவை என்று வரும். கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும்போது லேசாக உதறும். உங்கள் மானிட்டர் 120 அல்லது 144 ஹெர்ட்ஸ் காட்டுமென்றால் செட்டிங்கில் மாற்றிப் பாருங்கள்.

கருப்பு விஷயத்தில் மானிட்டர் கொஞ்சம் ஏமாற்றும். ஐபிஎஸ் என்ற எல்சிடி வகைப் பேனலாக இருந்தால் விளக்கை அணைத்ததும் இரவுக் காட்சி சாம்பல் பூத்துத் தெரியும். அகலத்திரைப் படத்தின் மேலும் கீழும் வரும் பட்டைகளும் அப்படியே. பிரைட்னஸைக் குறைத்து, மானிட்டருக்குப் பின்னால் சுவரைப் பார்த்து ஒரு சின்ன விளக்கை எரியவிடுங்கள், சரியாகிவிடும். மானிட்டரோடு வரும் ஸ்பீக்கரைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஹெட்போன்தான் சரி.

எனக்குக் கவலை தருவது மேஜை. பகலெல்லாம் ஜிஎஸ்டி கணக்கு ஓடிய அதே திரை, அதே நாற்காலி, அதே நிமிர்ந்த முதுகு. படம் கொஞ்சம் மந்தமானதும் கை தானாக மவுஸுக்குப் போகும். மெயில் பார்ப்பீர்கள், அப்புறம் நடிகையின் வயதைத் தேடுவீர்கள். அளவில் எவ்வளவு பெரிய டிவி இருந்தும் போனை நோண்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அது வேறு. உங்களால் முடிந்தது, படம் ஆரம்பித்ததும் கீபோர்டையும் மவுஸையும் கட்டிலில் தூக்கிப் போடுவது. நாற்காலியையும் மாற்றுங்கள், சாய்வாக ஏதாவது.

ஆனால் அம்மா உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் வந்து போய்விட்டார்களே. நீங்கள் ஹெட்போன் மாட்டிக்கொண்டால் அந்த வீட்டில் அவர்களுக்கு என்ன இருக்கிறது? டிவி வாங்க நல்ல காரணம் பக்கத்தில் உட்கார இன்னொருவர் இருப்பதுதான். 24 இஞ்சுக்கு முன்னால் இரண்டு நாற்காலி போட்டால் இருவருக்கும் ஓரம்தான் கிடைக்கும், சத்தத்தைப் பங்கு வைக்கவும் முடியாது. அவர்களிடம் கேளுங்கள். வேண்டும் என்றால் மச்சான் சொன்னதை எடுங்கள், ஆனால் ரிமோட் அவர்களிடம் இருக்கட்டும். வேண்டாம் என்றால் தவணைப் பணம் மிச்சம்.

எதுவாக இருந்தாலும், ஐப்பசி இடிக்கு ப்ளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. மோடத்திலிருந்து வரும் நெட் வயரையும் கழற்றி வையுங்கள். நம் பக்கத்தில் மின்னல் அந்த வழியாகவும் வீட்டுக்குள் வரும்.